கேட் (CAT) தேர்வு, தடய அறிவியல்: இரண்டுக்கும் சேர்த்துப் படிக்க முடியுமா?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். எம்.பி.ஏ.வுக்காக கேட் எழுத ஆசை. தடய அறிவியலில் எம்.எஸ்சி. சேரவும் ஆசை. இரண்டுக்கும் தயாராக முடியுமா? அட்டவணை, வரைபடம் கொடுத்துக் கேட்கும் கணக்குகளைப் பார்த்தாலே கை ஓடமாட்டேன் என்கிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: முடியும். கேட் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேர்வதற்கான க்யூட் பி.ஜி. தேர்வு 2024, 2025 இரண்டு ஆண்டும் மார்ச்சில் நடந்தது. அதில் தடய அறிவியலுக்குத் தனித் தாள் உண்டு. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. அதனால் நவம்பர் வரை கேட், டிசம்பரிலிருந்து தடயவியல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் இது, மாலையில் அது என்று வேண்டாம். இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். கேட் தேர்வில் தரவு விளக்கமும் தர்க்கமும் சேர்ந்த பகுதிக்கு 40 நிமிடம். 2024-ல் ஐந்து செட்டுகளில் (ஒரே தரவை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்புதான் செட்) 22 கேள்விகள் வந்தன. ஐந்தையும் முடிக்க நினைத்துத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லா செட்டையும் படித்துப் பாருங்கள். எளிதாகத் தெரியும் இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தவறினால் ஒன்று போகும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழிப்பதில்லை.

திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. ஆகவே பெருக்கல் வேகம் உங்கள் பிரச்சினையே இல்லை. படிக்கும் விதம்தான் பிரச்சினை. ஓர் உதாரணம்: ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு 30 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தது என்று இரண்டு வட்ட வரைபடங்கள் காட்டுகின்றன. விற்பனை குறைந்ததா? உடனே ‘ஆம்’ என்று தோன்றும். மொத்தச் சந்தை 1,000 கோடியிலிருந்து 1,400 கோடியாக வளர்ந்திருந்தால், விற்பனை 300 கோடியிலிருந்து 350 கோடியாக ஏறியிருக்கும்! மொத்தம் கொடுக்கப்படவில்லை என்றால் ‘கூற முடியாது’ என்பதுதான் விடை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் இது எதன் சதவீதம், அலகு என்ன, அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வினாத்தாளிலிருந்து தினம் இரண்டு செட் போதும். தவறிய செட்டை மறுநாள் கடிகாரம் வைக்காமல் மீண்டும் போட்டு, எந்த வரியில் வழுக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விடைக் குறிப்பைப் புரட்டுவதைவிட அந்த நோட்டு பல மடங்கு உதவும்.

தடய அறிவியலுக்கும் இதே கவனம்தான் தேவை. ரத்தக் கறையா என்று முதலில் பார்க்கும் காஸ்டில்-மேயர் சோதனையில் கறை இளஞ்சிவப்பாக மாறினால் அது ரத்தம் என்று எழுதிவிடாதீர்கள். ரத்தமாக இருக்கலாம், அவ்வளவுதான். சில காய்கறிகளில் உள்ள பெராக்ஸிடேஸ் நொதியும் அந்த நிறத்தைத் தரக்கூடும். உறுதி செய்ய டகயாமா படிகச் சோதனை போல இன்னொன்று வேண்டும். ஒவ்வொரு தடயத்துக்கும் முதற்கட்டச் சோதனை எது, உறுதிச் சோதனை எது என்று இரண்டு பத்தியில் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசத்தை வைத்துப் பல கேள்விகள் அமைக்கலாம்.

வேதியியல் மாணவர் என்பதால் குரோமட்டோகிராபி, நிறமாலையியல், நச்சியல் எல்லாம் உங்களுக்குப் பாதி தெரிந்தவை. நின்ஹைட்ரின், வியர்வையின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து கைரேகையை ஊதா நிறத்தில் காட்டுவது உங்கள் பாடத்திலேயே உள்ள வினை. டி.என்.ஏ., ரத்த வகைகள், எலும்புகள் ஆகியவற்றுக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் சட்டம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 176(3) பிரிவு. மாநிலங்கள் இதைப் படிப்படியாக அமல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. நிபுணர் கருத்து பழைய சாட்சியச் சட்டத்தில் 45-வது பிரிவு, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 39. மின்னணு ஆவணம் 65பி, இப்போது 63. பழைய புத்தகம் வாங்கினால் இந்த எண்களை முதலில் திருத்திவிட்டுப் படியுங்கள்.