சென்னையில் இருந்துகொண்டே ஆர்கன் இசையில் முதல் தனி ஒலிப்பதிவு செய்ய முடியுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு இருபத்திரண்டு வயதாம். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறார்; கட்டைகளை அழுத்தினால் குழாய்களில் காற்று போய் ஒலிக்கும் இசைக்கருவி அது. பாக், மெண்டல்சன், ஃபிராங்க் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் மூவரின் படைப்புகளைக் கொண்டு முதல் தனி ஆல்பம் வெளியிட ஆசை. இங்கேயே பதிவு செய்துவிடலாமா, ஐரோப்பாவில் நல்ல ஆர்கன் ஒன்று வாய்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். இந்தக் கேள்வி-பதில் தளம் 'ஆர்கன்' என்பதை 'உறுப்பு' என்று தானே மொழிபெயர்த்து, கேள்வியைச் சிறுநீரக தானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அங்கேதான் நான் பார்த்தேன்.

பொறுத்திருக்காதீர்கள் தம்பி. இங்கேயே செய்யுங்கள். ஆனால் எந்த ஆர்கனில் வாசிக்கப்போகிறீர்களோ அதன் நோய்நொடி எல்லாம் தெரிந்த பிறகு, எதை வாசிப்பது என்று முடிவு செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். கட்டிலுக்கடியில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் குறுந்தகடுகளோடு இன்னும் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய கலைஞர் இல்லை. பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கு: என் அப்பா பெரம்பூரில் வெல்டராக இருந்தவர். வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்பவர்களுக்கு: 1705இல் இருபது வயது பாக், ஆர்கன் மேதை பக்ஸ்டெஹூடே வாசிப்பதைக் கேட்பதற்காக ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். அவர் ஊர் திரும்பிய 1706ஆம் ஆண்டில்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். அன்று தொடங்கி அந்த ஜெர்மன் மெட்டுகளில் தமிழ் வரிகளை ஏற்றிப் பாடிக்கொண்டுதானே இருக்கிறோம்? என் பாட்டி பாமாலைப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவாள். அது அந்நிய இசை என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் விளக்குமாறு பறந்து வந்திருக்கும்.

என் கதை 2009 மே மாதம் நடந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் குழாய் ஆர்கன் உள்ள தேவாலயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். எழும்பூர் கிர்க் என்கிற புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் ஆர்கன் கலைஞர் ஹாண்டல் மானுவல் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர் என் ஆசிரியர். அவர் வழியாகத்தான் இந்தப் பைத்தியம் எனக்குத் தொற்றியது. நான் பதிவு செய்த தேவாலயத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வரிசைக் கட்டைகளும் காலுக்கு ஒரு வரிசையும் கொண்ட, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பழைய ஆர்கன். கமிட்டியிடம் அனுமதி வாங்கவே ஏழு மாதம் ஆயிற்று. "மைக் வைத்தால் குழாய்க்கு ஒன்றும் ஆகாதே?" என்று ஒருவர் கேட்டார். அதே கமிட்டி அந்த வருடம் ஒலிபெருக்கிக்கும் புதிய கீபோர்டுக்கும் ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்கியது. ஆர்கனின் காற்றுப்பையில் தோல் கிழிந்திருக்கிறது என்று நான் எழுதிய கடிதம் மட்டும் மூன்று கூட்டங்களுக்கு ஒத்திப்போனது.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணங்கள். மணப்பெண் வரும்வரை வாசிக்கச் சொல்வார்கள். மணப்பெண் அழகு நிலையத்தில் இருப்பாள். முக்கால் மணி நேரம் ஒரே ஊர்வல இசையைத் திருப்பித் திருப்பி வாசித்து, என் இடது முழங்கால் கழன்று விழும் நேரத்தில் கார் வந்து நிற்கும். வீடியோ எடுத்தவருக்குப் பல ஆயிரம். ஆர்கன் வாசித்தவளுக்கு ஐந்நூறு ரூபாய் உறையும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். ஒருமுறை உறையும் இல்லை. கேட்டதற்கு, "ஊழியம்தானே?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. அவர் வட்டிக்கு விடுகிறவர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒலிப்பதிவுக்கு வந்தவர் சபாக்களில் கச்சேரிக்கு மைக் வைக்கிற அண்ணன் ஒருவர். ஆர்கனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பழக்க தோஷத்தில் மைக்கைக் குழாய்களுக்கு முன்னால், பாடகர் வாய்க்கு வைப்பதுபோல வைத்தார். கேட்டால் ஒரே சீறல். கட்டை அழுந்தும் டக்டக் சத்தம் வேறு. ஆர்கனின் ஓசை குழாயில் பிறந்தாலும் கட்டடத்தில்தான் வளர்கிறது. மைக்கைப் பின்னால், பின்னால் என்று நகர்த்தி, பாதி மண்டபம் தள்ளி வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்த ஆர்கன் கேட்டது.

தெருச் சத்தம் அடங்கவேண்டும் என்பதால் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினோம். மின்விசிறிகள் எல்லாம் நிறுத்தம். சேலையில் கால்கட்டை மிதிக்க முடியாது, சுடிதார்தான். காலணிக்கும் ஒரு கதை உண்டு: அடிப்பகுதி மெல்லிய தோலாகவும் குதிகால் சற்று உயரமாகவும் வேண்டும், இங்கே கடையில் கிடைக்காது. பெரியமேட்டில் ஒருவர் தைத்துக் கொடுத்தார். "நாட்டியமா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல நேரமில்லை.

எடுத்த எடுப்பிலேயே ஃபிராங்கின் 'பிரலூட், ஃபூக், வேரியேஷன்'. தொடக்க மெட்டை, ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவியின் குரலைத் தரும் ஓபோ குழாய்களில் வாசிக்கவேண்டும் என்று ஃபிராங்கே எழுதி வைத்திருக்கிறார். நானும் வீம்பாக ஓபோவுக்கான குமிழை இழுத்தேன். நான்கு வரி வாசித்திருப்பேன், மைக் அண்ணன் கையைத் தூக்கினார். "ஏம்மா, சுருதி சேரவில்லையே."

எனக்குக் கோபம். மாலை ஆறு மணிக்குத்தான் நானே சுருதி சேர்த்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. சாதாரணக் குழாயின் சுருதி அதற்குள் இருக்கும் காற்றைப் பொறுத்தது. காற்று சூடானால் ஒலி அதில் வேகமாகப் போகும், சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட். அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓபோவிலோ ஒலிப்பது ஒரு பித்தளை நாக்கு. அது வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது. மாலையைவிட நள்ளிரவில் மூன்று டிகிரி குறைந்திருந்ததால், மற்ற குழாய்கள் எல்லாம் கீழே இறங்கிவிட, ஓபோ மட்டும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. உண்மையில் சுருதி மாறாதது அது ஒன்றுதான், கெட்ட பெயரும் அதற்குத்தான்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆர்கனுக்குள் ஊர்ந்து போனேன். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தாத்தா கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்க, நான் ஒவ்வொரு ஓபோ குழாயின் சுருதிக் கம்பியையும் ஒரு மயிரிழை நகர்த்தித் தட்டினேன். மே மாதப் புழுக்கம், எலிப் புழுக்கை, நூறு வருடத்துத் தூசி. வெளியே வரும்போது மணி இரண்டு. மறுபடி உட்கார்ந்து, ஃபூக் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. காற்று அனுப்பும் மோட்டார் நின்றால் ஆர்கன் சட்டென்று நிற்காது தம்பி. பையில் மிச்சமிருக்கும் காற்றில் எல்லாச் சுரங்களும் ஒன்றாகச் சரிந்து, ஈனஸ்வரத்தில் முனகி அடங்கும். இருட்டில் அதைக் கேட்டுப் பாருங்கள். கோயில்பிள்ளை தாத்தா ஜெபம் பண்ணவே ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இரவு ஃபிராங்கைத் தூக்கிப் போட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்த ஆர்கனில் மரக்குழாய்கள்தான் அழகு. மெலிந்த, ஈரமான குரல். அதற்குப் பொருந்தியது பாக்கின் 'சிறு ஆர்கன் நூல்' தொகுப்பில் உள்ள, பாக் படைப்புகளின் பட்டியலில் 639ஆம் எண் பெற்ற படைப்பு, 'உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன், ஆண்டவரே'. ஒன்றாக ஓடும் மூன்றே இசை இழைகள். கூடவே மெண்டல்சனின் 1845ஆம் ஆண்டு சொனாட்டாக்களில் ஒன்று. அத்தோடு நிறுத்தாமல், விற்க வேண்டுமே என்று மாமா மகன் சொன்னதைக் கேட்டு, எல்லோருக்கும் தெரிந்த அந்த டி மைனர் டோக்காட்டாவையும் சேர்த்தேன். பேய்ப் படங்களால் நாசமான அது பாக் எழுதியதுதானா என்றே சில ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும் அந்தச் சின்ன ஆர்கன் அதைத் தாங்கவில்லை. அது என் குறுந்தகட்டின் மிக மோசமான பகுதி. குறை சொல்லப்போகிறவர்கள் அதையே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய ஆர்கன்களின் குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிந்து கணினியில் தரும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் பயிற்சிக்கு வைத்திருக்கிறேன். அதில் எலிப் புழுக்கை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

639ஐ ஐந்து முறை வாசித்தோம். ஐந்தாவதுதான் சரியாக வந்தது. கடைசிச் சுரக்கூட்டைப் பிடித்திருக்கும்போது, எனக்கு நேர் மேலே ஒரு பல்லி கத்தியது, மூன்று தடவை, தெளிவாக. மைக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை வாசிக்க எனக்குத் தெம்பில்லை. அதையே வைத்தோம். பல்லி சொன்னால் நல்லது என்றாள் அம்மா, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்.

முந்நூறு பிரதி போட்டோம். நூறு சொச்சம் விற்றது, பாதி உறவுக்காரர்களுக்கு. சில வருடம் கழித்து இணையத்தில் ஏற்றினேன். ஒரே வாரத்தில், இந்த ஒலிப்பதிவின் உரிமை ஏதோ வெளிநாட்டு நிறுவனத்துடையது என்று இயந்திரம் ஒன்று அறிவிப்பு அனுப்பியது. பாக் இறந்தது 1750இல். எழுதிய இசைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, வாசித்த பதிவுக்குத்தான் உரிமை. வாசித்தது நான். ஆகவே தம்பி, வெட்டாத மூலப் பதிவுகளைத் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுப்புக் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசிச் சுரக்கூட்டில் ஒரு பல்லி மூன்று முறை கத்துகிறது, உங்கள் கலைஞரின் பதிவிலும் அது இருக்கிறதா? மூன்று வாரத்தில் பதில் இல்லாமலே உரிமைக்கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.