இசைத்தட்டு முடிந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பதினோரு வருடமாக வீணை கற்பவள். கொரியத் தொடர்கள் வழியாகக் கயாகும் என்கிற பன்னிரண்டு தந்தி வாத்தியத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. ஜோங் நாம்ஹி என்ற மேதையின் 1930களின் இசைத்தட்டுப் பதிவுகளையும், அவருடைய சான்ஜோவை (மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகும் தனி வாத்திய இசை) மீட்டு ஹ்வாங் பியோங்கி என்ற பிற்காலக் கலைஞர் வாசித்ததையும் சமீபத்தில் அடுத்தடுத்துக் கேட்டேன். அங்கே சில நிமிடம், இங்கே எழுபது நிமிடம்! மறைந்தவரின் இசையை மீட்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொந்தச் சரக்கைச் சேர்ப்பது நேர்மையா? அச்சு அசலாக வாசித்தால்தானே அது மீட்பு? இன்னொன்று, கொரியாவில் இருந்த பழைய கயா நாட்டின் அரசி தமிழ்ப்பெண் என்கிறார்கள். அப்படியானால் கயாகும் நம் யாழின் வாரிசுதானே? புதிதாகக் கேட்பவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அரசி விஷயத்தை முதலில் தூக்கி வெளியே வைத்துவிடுவோம். ஹோ ஹ்வாங்ஓக் என்பவள் அயுதா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கயா அரசனை மணந்தாள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் சாம்குக் யூசா என்ற நூல் சொல்கிறது. வந்த வருடம் கி.பி. 48. கயாகும் செய்வித்ததாகச் சொல்லப்படும் கசில் மன்னன் ஆறாம் நூற்றாண்டுக்காரன். நடுவில் ஐந்நூறு வருடம் கிடக்கிறது. அயுதா எங்கே இருந்தது என்று அயோத்திக்காரர்களும் நம்மவர்களும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பதினோரு வருடம் வீணை வாசித்த ஒருவர், ஒரு வாத்தியம் காதுக்கு இனிக்கிறது என்று தெரிந்த பிறகும் அதன் ஜாதகத்தில் நம் கோத்திரம் இருக்கிறதா என்று தேடுவதைப் படித்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிடித்திருக்கிறது என்றால் போதாதா?

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது 'அச்சு அசலாக' என்ற அந்தச் சொல்லுக்காக. கொஞ்ச நாளாக நானும் அதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

இருபது வருடம் முன்பு சென்னையில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடிக்கு ஒரு கொரியத் தம்பதி வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலையும் அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வந்து, சென்னையில் கொரியர்கள் பெருகிய காலம். கணவர் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரிலிருந்து ஒரு கயாகும் கொண்டுவந்திருந்தார். பட்டுத் தந்தி அல்லவா, நம்மூர் ஈரக்காற்றில் தொய்ந்துகொண்டே இருக்கும், அவர் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நிற்கும் மரத்தாங்கியை, அதாவது குதிரையை, இப்படியும் அப்படியும் நகர்த்தி நகர்த்திச் சுருதி சேர்ப்பார். (காட்டுவாத்தின் கால் என்று அதற்குப் பெயர், பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.) சாயங்காலம் நாலரை மணிவாக்கில் வாசிப்பு கேட்கும், நான் டீயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் ஒரே பகுதி, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். முதலில் அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்று நினைத்தேன். தினமுமா பால் பொங்கும்?

கேட்டேவிட்டேன். இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்ன பதில்: "அங்கே தட்டு முடிந்துவிடும்."

அவருடைய அப்பா வைத்திருந்த ஒரே கயாகும் இசைத்தட்டு. அதை அப்பா போடப்போடக் கேட்டுத்தான் அந்தப் பகுதியைக் கற்றாராம். யார் வாசித்தது என்று கேட்டேன். தெரியாது, தட்டில் ஒட்டியிருந்த பெயரை அப்பா சுரண்டிவிட்டிருந்தார். கொரியப் போரை ஒட்டிய வருடங்களில் கலைஞர்கள் பலர் வடக்கே போய்விட்டார்கள், உங்கள் ஜோங் நாம்ஹியும் அவர்களில் ஒருவர். வடக்கே போனவர்களின் படைப்புகள் மீதான தடையைத் தென்கொரியா விலக்கியது 1988இல்தான். அவ்வளவு காலமும் அந்தப் பெயர் வீட்டில் இருப்பதே வம்பு. அந்த அப்பா பெயரைச் சுரண்டினார், தட்டை உடைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். அது ஜோங் நாம்ஹியாக இருக்கலாம், ஆன் கிஓக் என்ற இன்னொரு கலைஞராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.

சரி, இப்போது உங்களைத் திட்டவேண்டிய இடம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும்? சுமார் மூன்று நிமிடம். சான்ஜோ ஆரம்பிப்பது ஜின்யாங்ஜோ என்ற மிக மெதுவான தாளத்தில், அதில் ஒரு முழுச் சுற்றுக்கு இருபத்துநாலு அடி, நாலைந்து சுற்று வந்தால் தட்டின் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். அப்புறம்தான் ஜுங்மோரி, ஜாஜின்மோரி என்று ஓட்டம் கூடி, ஹ்விமோரியில் புயல் வரவேண்டும். தட்டில் நீங்கள் கேட்டது, கம்பெனிக்காரன் கொடுத்த கெடுவுக்குள் ஒரு மனிதர் அவசரமாகச் சுருட்டிக் கொடுத்த துண்டு. அந்தச் சுருட்டலையும் சேர்த்து அசல் என்று வாசிப்பதற்குப் பெயர் மீட்பா? பான்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டைப் பாடுபவர்கள், குருவை அப்படியே பிரதியெடுத்துப் பாடுபவனை 'சாஜின் சோரி' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். புகைப்படப் பாட்டு! சான்ஜோ பிறந்ததே பான்சோரியின் மடியிலும் சடங்கு இசையின் மடியிலும்தான். சிம் சாங்கோன் என்று ஒரு கிழவர் இருந்தார், 1965இல் இறந்தவர், நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார், சீடப்பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறினார்கள். அவருடைய தட்டை அச்சு அசலாக வாசிப்பவர், அவர் ஆயுளில் செய்யாத ஒரு காரியத்தை அவர் பெயரால் செய்கிறார்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, அங்கே அரசாங்கமே இந்த நோயில் விழுந்தது. 1962இல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க ஒரு சட்டம், 1968இல் கயாகும் சான்ஜோ 23ஆம் எண் சொத்து. நல்ல காரியம்தான், அது இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். ஆனால் 'மூலவடிவம்' காக்கப்படவேண்டும் என்ற கொள்கை வந்ததும் ஆசிரியர் எந்த வருடம் எப்படி வாசித்தாரோ அதுவே கல்வெட்டு ஆகிவிட்டது. 2016இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம்தான் மூலவடிவம் என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்தக் கலைக்கே உரிய சாரமான இயல்பு என்ற பொருளில் வேறு சொல்லுக்கு மாறியது. ஊறுகாய் ஜாடியைத் திறக்க ஐம்பது வருடம்!

ஹ்வாங் பியோங்கியிடம் வருவோம். 1951இல், போரில் அகதியாகப் பூசான் நகரத்துக்கு வந்த பள்ளிச் சிறுவனாகக் கயாகும் தொட்டவர். பிறகு கிம் யுன்டோக்கிடம் கற்றார், கிம் யுன்டோக் ஜோங் நாம்ஹியிடமே கற்றவர். ஆக, தட்டைக் கேட்கும் முன்பே அந்தக் கை இவர் கைக்குள் இறங்கியிருந்தது. கடைசியில் தன் வாசிப்புக்கு அவர் வைத்த பெயர் 'ஜோங் நாம்ஹி இயற்றியது, ஹ்வாங் பியோங்கி மரபு' என்று பொருள் தருவது. எது யாருடையது என்று நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார், நீங்கள் நேர்மையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சான்ஜோவைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கிம் சாங்ஜோவின் பேத்தி கிம் ஜுக்பா, திருமணமாகிப் பல வருடம் மேடையை விட்டிருந்து திரும்பியபோது, தாத்தாவின் சான்ஜோவும் அவர் கையில் வளர்ந்துதான் வந்தது.

இதெல்லாம் புதுசும் இல்லை. கயா நாட்டின் இசைக்கலைஞர் உருக் பன்னிரண்டு பாடல்கள் இயற்றினார், நாடு அழியப்போகிறது என்று பக்கத்து நாடான சில்லாவுக்கு ஓடிவந்தார், அங்கே மூன்று சீடர்கள் அந்தப் பன்னிரண்டையும் ஐந்தாகச் சுருக்கிவிட்டார்கள். கிழவருக்கு முதலில் கடும் கோபம். வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டார், இதுதான் சரி என்றார். 1145இல் முடிந்த சாம்குக் சாகி என்ற வரலாற்று நூலில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டின் பெயர்கள் இன்றும் உண்டு, ஒரு ஸ்வரம்கூட மிச்சமில்லை.

மேல்மாடி அம்மாவுக்கு ஊர் திரும்பும் தேதி குறித்தாகிவிட்டது. பெட்டி கட்டும் வாரத்தில் ஒருநாள், மழை, மின்சாரம் இல்லை, கட்டடமே சத்தமில்லாமல் கிடக்கிறது, வழக்கமான அந்த இடம் வந்தது. நிற்கவில்லை. தட்டு முடிந்த இடத்தைத் தாண்டி, தடுமாறி, ஒரே சொற்றொடரை மூன்று தடவை தடவிப் பார்த்து, அப்புறம் ஒரு பத்து நிமிடம் போய்க்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போயிற்று. மறுநாள் படியில் பார்த்தபோது, மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிறுமிபோல வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா இருந்தால் திட்டுவார்" என்றார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். ஜின்யாங்ஜோவிலிருந்து தொடங்குங்கள், அலுத்தாலும் வேகமான பகுதிக்குத் தாவாதீர்கள். வீணைக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: வலதுகையை மறந்துவிடுங்கள். அது மீட்டி ஓய்ந்த பிறகு, குதிரைக்கு அந்தப் பக்கம் இடதுகை தந்தியை அழுத்தி ஆட்டும் அசைவுக்கு நோங்ஹ்யோன் என்று பெயர். அங்கே காதை வையுங்கள்.