பிரஷருக்கு ஒலி அலைச் சிகிச்சை: உங்கள் கேள்விகள்

கேள்வி: நாலு மாத்திரை போட்டும் எனக்கு 160க்குக் கீழே இறங்கவில்லை. உடம்பில் ஊசிகூடக் குத்தாமல், வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்டால் நரம்பைச் சுட்டுவிடலாமாமே?

முயன்று பார்த்தார்கள். நோயாளி படுத்திருக்க, முதுகுப் பக்கமிருந்து ஒலி அலைகளைச் சிறுநீரகத் தமனியைச் சுற்றிக் குவிப்பார்கள். அந்தச் சூட்டில், பிரஷரை ஏற்றிவிடும் அங்குள்ள நரம்புகள் செயலிழக்கும். ஆரம்ப ஆய்வுகளில் பிரஷர் நன்றாகவே இறங்கியது. ஆனால் அவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைக் குழு இல்லை. அப்புறம் 81 பேரிடம், பாதிப் பேருக்கு வெறும் பாவனையாகச் செய்து சோதித்தபோது இரு குழுவிலும் பிரஷர் இறங்கியது. தொடர்ந்தாலும் பலன் எதுவும் தெரியப்போவதில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு 2018இல் வெளியானது. சும்மா படுக்க வைத்தாலே எப்படி இறங்கும் என்று கேட்பீர்கள். ஆய்வில் சேர்ந்துவிட்டால் பலரும் மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்கிவிடுவார்கள்! ஆகவே, இன்றைக்கு இதற்காக யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது என்று படித்தேனே?

அது வேறு. 2023 நவம்பரில் அனுமதி பெற்ற இரண்டுமே கதீட்டர் முறைகள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனி வரை செலுத்துவார்கள். அதில் ஒன்று ரேடியோ அலை, மற்றது அல்ட்ராசவுண்ட். பெயர்க் குழப்பம் இங்கேதான் வருகிறது. அல்ட்ராசவுண்ட் கதீட்டரின் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். அதற்குள் ஓடும் தண்ணீர் தமனிச் சுவரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க, சூடு அதைத் தாண்டி நரம்பில் இறங்கும். மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம் 2021இல் வெளியான ஆய்வில், பகல் நேர மேல் அளவு 8 புள்ளி குறைந்தது. போலிக் குழுவில் 3. நிஜமான வித்தியாசம்தான், ஆனால் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: செய்துகொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பெரும்பாலும் முடியாது.

கேள்வி: சரி, நான் இப்போது என்ன செய்ய?

முதலில் உங்கள் பிரஷர் உண்மையிலேயே அடங்காததா என்று பார்க்க வேண்டும். வீட்டில் மேல்கையில் கட்டும் மெஷினில் காலை, மாலை ஒரு வாரம் எடுத்து எழுதுங்கள். பட்டை கைக்குப் பொருந்துகிற அளவா என்றும் பாருங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறீர்களா? இருமலுக்கு அதிமதுரக் கஷாயமா? இரண்டுமே பிரஷரை ஏற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றிச் சொல்லவே வேண்டாம். பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்திணறல் பரிசோதனை வேண்டும். ஆல்டோஸ்டீரோன் (உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலருக்கு எழுதிக் கொடுக்க மறந்துபோகும் சோதனை அது. ஏற்கெனவே உள்ள மூன்று மருந்தோடு நாலாவதாக ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பது நன்றாக வேலை செய்கிறது என்று 2015 ஆய்வு காட்டியது. உங்கள் நாலில் அது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொடங்கினால் பொட்டாசியத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.