பெயர் அதே, தொகுதி அதுவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊர் மலருக்காக 1952 முதல் எங்கள் எம்.எல்.ஏ.க்கள் பட்டியலைத் தொகுக்கிறோம். ஆனால் இப்போதைய தொகுதியின் பெயர் 2011-க்கு முன் எங்குமே கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது?

பதில்: தொகுதிப் பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள். இப்போதைய எல்லைகள் 2008 மறுவரையறை ஆணையில் வந்தவை. சட்டமன்றத்துக்கு முதலில் 2011-ல் பயன்பட்டன. 1977 முதல் 2006 வரை நடந்த எட்டுத் தேர்தல்களுக்கும் 1976 ஆணைதான். அதற்கும் முன்பு 1957, 1962, 1967 தேர்தல்களை ஒட்டியும் தொகுதிகள் மாறின. ஆகவே உங்கள் ஊர் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தொகுதியில் இருந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஆள் பெயரை எழுதுங்கள்.

2008 ஆணையில் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே வட்டமும், வட்டத்தின் ஒரு பகுதி மட்டும் என்றால் அதிலுள்ள கிராமங்களும் இருக்கும். அவை வருவாய் கிராமங்கள். நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ஊர்ப்பெயர் ஒரு குக்கிராமத்தின் பெயராக இருந்தால் ஆணையில் கிடைக்காது. பட்டாவில் உள்ள வருவாய் கிராமப் பெயரை எடுத்துக்கொண்டு தேடுங்கள். பழைய ஆணையில் பிர்கா (வட்டத்துக்குள் சில வருவாய் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) பெயர் மட்டும் இருந்தால், அன்றைக்கு உங்கள் ஊர் அந்தப் பிர்காவில்தான் இருந்ததா என்று அந்தக் கால வட்ட ஆவணத்தில் பார்க்க வேண்டும். இன்றைய பிர்கா எல்லையை வைத்து முடிவு செய்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 2008 ஆணை வார்டு எண்ணைச் சொல்கிறது; அது 155 வார்டு இருந்த காலத்து எண். 2011-ல் மாநகராட்சி விரிந்து 200 வார்டு ஆனபோது எண்கள் மாறிவிட்டன. பழைய வார்டு வரைபடம் கையில் இல்லாமல் அந்தப் பகுதியைப் படிக்காதீர்கள்.

ஊர் உறுதியான பிறகு தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையைத் திறக்கலாம். 1967 வரை ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் தேடுங்கள். மாநிலத்தின் பெயர் 1969-ல்தான் மாறியது. கன்னியாகுமரி மாவட்டத்து ஊராக இருந்தால், 1952, 1954 தேர்தல்களுக்குத் திருவிதாங்கூர்–கொச்சி அறிக்கையைப் பார்க்க வேண்டும். பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் வராது. காமராஜர் முதல்வரான பின் 1954-ல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். 1952 அறிக்கையை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் குடியாத்தம் வரிசையில் அவரே விடுபட்டுப்போவார்.

கேள்வி: 1957 பட்டியலில் ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர் இருக்கிறதே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை, இரண்டையும் எழுதுங்கள். 1957-ல் 167 தொகுதிகளுக்கு 205 உறுப்பினர்கள். 38 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே ஓர் இடம் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு இடம். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, ஆனால் இரண்டையும் ஒருவருக்கே போட்டால் ஒன்றுதான் கணக்கு. எண்ணும்போது ஒதுக்கீட்டுப் பிரிவு வேட்பாளர்களில் அதிக ஓட்டு பெற்றவருக்கு முதலில் அந்த இடம் போகும். மீதமுள்ள அத்தனை பேரிலும் முதலில் நிற்பவருக்கு அடுத்த இடம். அதனால் இரண்டு இடத்தையும் ஒதுக்கீட்டுப் பிரிவினரே பெறவும் முடிந்தது. அதே ஆண்டு ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் வி.வி.கிரி தோற்றது இப்படித்தான். உச்ச நீதிமன்றமும் அந்த முடிவைச் சரி என்றது. 1961-ல் இந்த முறை சட்டப்படி நீங்கியது. ‘பொது எம்.எல்.ஏ., தனி எம்.எல்.ஏ.’ என்று பிரித்து எழுதி ஒருவரைக் குறைத்துக் காட்டாதீர்கள். இருவரும் முழுத் தொகுதிக்கும் உறுப்பினர்கள்.

கேள்வி: சேப்பாக்கமும் சேப்பாக்கம்–திருவல்லிக்கேணியும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்று தனித்தனியாக இருந்த இரண்டு தொகுதிகள் 2008-ல் சேர்ந்து புதுத் தொகுதி உண்டானது. 1996, 2001, 2006-ல் கருணாநிதி வென்றது பழைய சேப்பாக்கத்தில். 2011, 2016-ல் ஜெ.அன்பழகன் வென்றது புதிய தொகுதியில். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டு ஓட்டு வித்தியாசத்தை ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். எல்லையும் வேறு, வாக்காளர்களும் வேறு. நடுவில் கோடு போட்டு ‘2008 மறுவரையறை’ என்று எழுதுங்கள்.

அந்தத் தொகுதியில் 2020 ஜூன் 10 முதல் 2021 தேர்தல் வரை யார் பெயரும் வராது. அன்று அன்பழகன் மறைந்தார். சட்டமன்றத்தின் மீதி ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாக இருந்ததால் இடைத்தேர்தல் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பட்டியலிலும் இப்படி இடைவெளி வந்தால் ‘காலியிடம்’ என்று தேதியோடு குறியுங்கள். அத்தனை மாதம் அந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை என்பதும் ஊர் வரலாற்றில் சேர வேண்டிய செய்திதான்.

கேள்வி: புது மாவட்டம் உருவானால் தொகுதி மாறுமா?

பதில்: மாறாது. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் வந்தபோதும் தொகுதி எல்லை அப்படியே இருந்தது. அடுத்த மறுவரையறை வந்தால்தான் மாறும்.