மழையை நம்பி ஓடும் கப்பல்கள்

கேள்வி: பனாமா கால்வாயில் கப்பலை 26 மீட்டர் மேலே தூக்கி, அப்புறம் கீழே இறக்குகிறார்களாமே? சூயஸ் மாதிரி கடல் மட்டத்திலேயே வெட்டியிருக்கக் கூடாதா?

பதில்: வெட்டத்தான் பார்த்தார்கள். சூயஸை முடித்துப் பெயர் வாங்கிய ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ்தான் இங்கேயும் முன்னால் நின்றார், 1881இல் பிரெஞ்சு கம்பெனி வேலையைத் தொடங்கியது. ஆனால் சூயஸ் தட்டையான பாலைவனம், பனாமாவோ மலையும் காடும் விடாத மழையும். குலேப்ரா மலையில் வெட்ட வெட்ட மண் சரிந்து பள்ளத்தை மூடியது, போதாக்குறைக்கு மழைக்காலத்தில் சாக்ரஸ் ஆறு குறுக்கே பொங்கிக்கொண்டு வந்தது. 1889இல் கம்பெனி திவால். நம்பிப் பணம் போட்ட லட்சக்கணக்கான பிரெஞ்சுக் குடும்பங்களுக்குச் சேமிப்பெல்லாம் போச்சு.

1904இல் வந்த அமெரிக்கர்கள், தொல்லை கொடுத்த அதே சாக்ரஸ் ஆற்றை அணை கட்டி மறித்து காட்டூன் ஏரியை உண்டாக்கினார்கள். கப்பல் மதகுத் தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடி ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறும். இப்படி மூன்று படி. பம்ப் எதுவும் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானே பாய்வதுதான் மொத்த சூட்சுமமும்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அத்தனை பேர் செத்தது எதனால்?

பதில்: மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும்தான். சுமார் 22,000 பேர் என்று கணக்கு. மனதைப் பிசையும் விஷயம் ஒன்று: எறும்பு ஏறாமல் இருக்க ஆஸ்பத்திரிக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தார்கள், அந்தக் கிண்ணங்களில்தான் கொசு முட்டையிட்டுப் பெருகியது! மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லிவிட்டார், ஆனால் 1900 வரை பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிறகு வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸ் தேங்கிய தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊற்றி, ஜன்னல்களுக்கு வலை அடித்து அந்தக் காய்ச்சலை ஒழித்தார்.

அமெரிக்கர் காலத்திலும் சுமார் 5,600 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிகள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கத்தில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளியில், தபால் ஆபீஸில்கூடத் தனித்தனி ஜன்னல். பனாமா கால்வாயைக் கட்டியது யார் என்று கேட்டால் முதலில் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: இன்றைக்கும் அந்தக் கால்வாய் அவ்வளவு முக்கியமா?

பதில்: சந்தேகமே வேண்டாம். நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு தென் அமெரிக்காவைச் சுற்றிப் போவதைவிட சுமார் 13,000 கிலோமீட்டர் மிச்சம். 1914 ஆகஸ்ட் 15இல் திறந்தது, 1999 டிசம்பர் 31இல் முழுசாகப் பனாமா கைக்கு வந்தது.

இப்போது பிரச்சினை தண்ணீர். ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது, பனாமா நகரமும் கோலோன் நகரமும் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். 2023இல் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் போகும் இடத்தில் 25க்கும் கீழே குறைத்தார்கள். இனி பக்கத்தில் ஓடும் இந்தியோ என்ற ஆற்றிலும் அணை கட்டத் திட்டம். அங்கே வீடும் நிலமும் முழுகப்போகிற கிராமத்து மக்கள் எதிர்க்கிறார்கள், அவர்களுக்கு வழி சொல்லாமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது.