சிங்கராஜ வனத்து இஞ்சி பல்கனியில் வளருமா?

வெள்ளவத்தையில் மாடிவீடொன்றில் வசிக்கும் வாசகி கேட்கிறார்: "இலங்கையில் மட்டுமே உள்ள சைபோஸ்டிக்மா என்ற காட்டு இஞ்சியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். கலவானையில் இருக்கும் சித்தப்பா காட்டிலிருந்து ஒரு கிழங்கு தோண்டித் தருவதாகச் சொல்கிறார். பல்கனியில் வைக்கலாமா?"

வேண்டாம், சித்தப்பாவை இன்றே தடுத்துவிடுங்கள். ஏலத்துக்கு நெருங்கிய உறவான இந்தச் செடியின் பேரினத்தில் வேறு இனமே கிடையாது. எங்கள் தென்மேற்கு ஈரவலயக் காடுகளை விட்டால் உலகில் அதற்கு வேறு இடமும் இல்லை. கலவானையை அடுத்த சிங்கராஜ வனம் 1988இல் தேசிய மரபுரிமை வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது; உள்ளேயிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

சரி, சட்டத்தை விடுங்கள். கொண்டுவந்தாலும் பிழைப்பது கடினம். இத்தகைய காட்டுச் செடிகளின் கிழங்கு உக்கிய இலைக்குள்ளேயே படுத்து ஓடும். தோண்டும்போது நுண்வேர்கள்தான் முதலில் அறுந்துபோகும். கொழும்பில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் வெள்ளவத்தைப் பல்கனியில் கடற்காற்றின் உப்பும் பின்னேர வெயிலும் இருக்கின்றன, பெருமரங்களின் நிழலும் ஈரக்காற்றும் இல்லை. இலை ஓரம் கருகுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் கிழங்கு அழுகிவிடும்.

இஞ்சிக் குடும்பத்தில் ஒன்று வேண்டுமென்றால் கச்சோலம் வையுங்கள். அகலமான சாடி, பாதி தும்புத்தூள், பாதி உக்கிய பசளை, காலை வெயில் மட்டும் போதும். இலை மண்ணோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். நடுவிலிருந்து வெள்ளைப் பூ வரும், அதில் ஊதாப் புள்ளிகள். காலையில் விரிந்து அன்றே வாடிவிடும், எழுந்ததும் பாருங்கள். வறட்சி மாதங்களில் இலை மஞ்சளாகி முற்றாக மறைந்துபோகும். செத்துவிட்டது என்று பலர் எறிந்துவிடுகிறார்கள்! தண்ணீரை நிறுத்திச் சாடியை அப்படியே நிழலில் வையுங்கள், மழைக்கு முளைக்கும். பெரிய சாடி இருந்தால் சிற்றரத்தையும் நன்றாக வரும்.

சைபோஸ்டிக்மாவைப் பார்க்க, சிங்கராஜ வனத்தின் குடாவ வாசல் வழியாக வழிகாட்டியோடு போங்கள். ஏலத்தைப் போலப் பூங்கொத்து தண்டின் அடியிலிருந்து வருவதால் தரையோடு தேடவேண்டும். படம் எடுத்தால் பூவோடு நிறுத்தாமல், இலையும் தண்டும் சேருமிடத்தில் உள்ள சின்ன மடலையும் தண்டின் அடியையும் கிட்டப்போய் எடுங்கள். இன்ன செடி என்று சொல்ல அவையும் தேவை.