வீட்டில் கிடக்கும் பழைய காசு விலை போகுமா?

கே: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயத்தைப் பத்து லட்சத்துக்கு வாங்குவதாக வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. என்னிடம் இரண்டு இருக்கின்றன. நம்பலாமா?

வேண்டாம். 2012இல் அந்த ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காகப் புழக்கத்தில் விட்ட காசு அது. மளிகைக் கடையில் இன்றும் ஐந்து ரூபாய்க்குச் செல்லும். அந்த எண்ணைக் கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே வசூலித்ததால், 2021இல் வங்கி எச்சரிக்கை அறிக்கை விட்டது.

கே: தாத்தாவின் வெள்ளி ரூபாய்கள் கறுத்துப்போயிருக்கின்றன. புளி போட்டுத் தேய்த்துவிட்டு விற்கலாமா?

தயவுசெய்து தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பைச் சேகரிப்பாளர்கள் குறையாக நினைப்பதில்லை. புளியும் சாம்பலும் பட்ட காசில் மெல்லிய கீறல்கள் விழும். லென்ஸில் பார்த்த உடனே விலை பாதியாகிவிடலாம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. தேய்ந்திருந்தாலும் வெள்ளி விலை நிச்சயம். 1940களின் முற்பகுதியில் வந்தவற்றில் வெள்ளி பாதிதான். 1947இல் புலி போட்டு வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

1911 என்றிருந்தால் மன்னரின் அங்கியைக் கவனியுங்கள். அதில் இருக்கும் யானை, குட்டைத் துதிக்கையோடு பன்றி மாதிரித் தெரியும். அதனால் எதிர்ப்புக் கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று தேடி வாங்க ஆள் உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இன்னும் அரிது. அரிது என்பதாலேயே போலியும் நிறைய. உங்கள் பெட்டியில் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் எடை போடுங்கள்.

கே: ஓட்டைக் காலணா ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அடித்த காசு. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள். புதுக் கருக்கு மாறாமல் இருப்பவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

கே: ராமர் பட்டாபிஷேகம் உள்ள 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி காசு?

கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. கோயில் வாசலில் விற்ற, காசு மாதிரியான வில்லை அது. பூஜை அறையில் இருக்கட்டும்.

கே: ஆண்டுக்குக் கீழே குறி எதுவும் இல்லாத காசு அபூர்வமாமே?

அது கொல்கத்தாவில் அடித்தது, அவ்வளவுதான். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வைர வடிவம் மும்பை, வட்டப் புள்ளி நொய்டா. ஒரே ஆண்டில் ஒரு நாணயச் சாலை மிகக் குறைவாக அடித்திருந்தால் மட்டுமே குறிக்கு மதிப்பு.

கே: சரி, எங்கே விற்பது?

நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போய் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள். முதலில் கேட்டவரிடமே கொடுத்துவிட வேண்டாம். ஆன்லைனில் ஆளாளுக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் விற்றுப்போன விலையைப் பாருங்கள்.